முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலம்

எனக்கும் என் மருமகனுக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் பெயர் யாராச்சும்.

மாமியாரும் மருமகனும் முகத்துக்கு நேரே பேசிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. என் வீட்டுக்காரர் வந்தால் என் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவார். கிள்ளானில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டுச் சமையல்கட்டில் அப்படிப் போய் ஒளிய இடமில்லை. பாதி உடம்பு வெளியே தெரியும். அதனால் நான் வேறு வழி கண்டுபிடித்தேன். மகள் வீட்டில் இருந்தால் அவளிடம் சொல்வதுபோல் மருமகனுக்குச் சொல்வேன். மகள் வேலைக்குப் போய்விட்டால், "சாப்பாடு மேசையில இருக்குன்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்பேன். அவரும் கூடத்தில் இருந்தபடி, "சாப்ட்டாச்சுன்னு யாராச்சும் சொல்லிடுங்க" என்பார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர ஒரு பல்லிதான் இருக்கும்.

இப்படியே காலம் ஓடியது. ஒரு சண்டை வந்ததில்லை. சண்டை வந்தாலும் அந்த யாராச்சும் தலையில்தான் விழுந்திருக்கும்.

போன வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அன்றைக்கென்று லிஃப்டும் வேலை செய்யவில்லை. மருமகன்தான் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவர் முதுகில் தொங்கிக்கொண்டே, "யாராச்சும் மெதுவா எறங்கச் சொல்லுங்க" என்றேன். அவர் மூச்சு வாங்கியபடி, "கழுத்த இறுக்காம இருந்தா எறங்கிடலாம்னு யாராச்சும் சொல்லுங்க" என்றார். கீழே காவலுக்கு நின்ற மலாய்க்கார ஜாகா, யாரைக் கூப்பிடுகிறோம் என்று மேலேயும் கீழேயும் பார்த்தார்.

மருமகன் ஷா ஆலாமில் ஒரு பேக்டரியில் வேலை செய்தார். கார்களுக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான் செய்கிற இடம். அவர் நின்ற லைனில் கதவுக் கைப்பிடி வரும். லோரி அளவுக்கு ஒரு மெஷின், அதற்குள் ஓர் இரும்பு அச்சு. அந்த அச்சை அவர் மோல்ட் என்பார். அதைத் தூக்கி, சரியாக உட்கார வைத்து, போல்ட் முடுக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை. அப்புறம் பிளாஸ்டிக் உருகி உள்ளே போகும், கைப்பிடியாக வெளியே விழும். நான் யாருடைய காரில் ஏறினாலும் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "இது எங்க மாப்பிள்ளை செஞ்சது" என்பேன். கைப்பிடி ஆடினால் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடுவேன்.

அந்தப் பேக்டரியில் என்னமோ நடக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது சாப்பாட்டு மேசையில். மகளும் மருமகனும் திடீரென்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பிரஷர் இருக்கிறது, கெட்ட சேதி காதில் விழக்கூடாது என்று மகளுக்கு எண்ணம். அவள் கிளினிக்கில் வேலை செய்கிறவள். மாத்திரை கொடுக்கத் தெரிந்த அளவுக்கு மறைக்கத் தெரியாது.

இங்கிலீஷ் எனக்கு வராது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதில் எனக்கும் நிம்மதி, வாத்தியாருக்கும் நிம்மதி. ஆனால் எனக்குத் தெரியக்கூடாது என்று பேசுகிற இங்கிலீஷ் எனக்கு நன்றாகப் புரியும். குரல் தாழும், கண் என் பக்கம் ஒரு தடவை வந்துவிட்டுப் போகும். நடுவில் 'குளோஸ்' என்று ஒரு வார்த்தை, 'நோர்த்' என்று ஒரு வார்த்தை, அப்புறம் 'அம்மா'. இதற்கு மேல் என்ன புரிய வேண்டும்?

மறுநாள் எதிர்வீட்டுக்காரியைப் பிடித்தேன். என் வயதுக்காரி, மெதடிஸ்ட் சர்ச்சில் பாடுகிறவள். அவள் மகன்தான் அந்தப் பேக்டரி வேனை ஓட்டுகிறவன்.

"என்னா, ஒம்மவன் வேன் இப்பல்லாம் சீக்கிரமே வந்து நிக்குது?"

"ஏத்த ஆள் இருந்தாத்தானே? பாதி சீட்டு காலியாம். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றேன். தெரியாது என்று சொன்னால் பாவம் பார்த்து நிறுத்திவிடுவார்கள். தெரியும் என்றால்தான் மீதியும் வரும்.

வந்தது. புதுக் கார்களுக்கு வேறு மாதிரி கைப்பிடியாம். இங்கே பாதி லைனை மூடுகிறார்கள். மீதி மெஷின்களை வடக்கே பேராக் பக்கம் இருக்கிற இன்னொரு பேக்டரியோடு சேர்க்கிறார்கள். மெஷினோடு கூடவே போகிறவர்களுக்கு வேலை உண்டு. போகாதவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு தாங்களாகவே விலகிவிட வேண்டும். அதற்கு வி.எஸ்.எஸ். என்று பெயர். பிடித்துத் தள்ளிவிட்டு, தானாகவே இறங்கினார் என்று சொல்வதற்கு மூன்று எழுத்து.

அன்றைக்குச் சாப்பிடும்போது மறுபடி இங்கிலீஷ் ஆரம்பித்தது. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன்:

"அந்த வடக்க இருக்கிற பேக்டரி பக்கத்துல ராத்திரிச் சந்தை, பாசார் மாலாம் போடுறாங்களான்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்களேன்."

மகள் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"யாரும்மா சொன்னா ஒனக்கு?"

"நீங்கதான். இங்கிலீஷ்ல."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் அவர் எழுந்து போய்க் கை கழுவி வந்தபோது பார்த்தால், முகத்தில் சிரிப்பில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் தமிழிலேயே பேசினார்கள். அதனால் பேச்சு குறைந்ததுதான் மிச்சம். போவதா, இருப்பதா? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவருடைய கூட்டாளிகளில் சிலர், "போ லா, இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்?" என்றார்களாம். போனால் கம்பெனி ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு லீவு கிடைக்கும்போது வரலாம். மகள் எதுவும் சொல்லவில்லை. என்னங்க செய்யப் போறீங்க என்று கேட்பாள், அவர் பார்ப்போம் என்பார், அவளும் பார்ப்போம் என்பாள். பேத்தி மட்டும் வடக்கே யானை இருக்கிறதா என்று கேட்டாள். அவள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. அவளுக்கு வடக்கு என்றால் மிருகக்காட்சி சாலை.

எனக்கு மட்டும் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனிதர் போகாமல் இருப்பதற்கு நான்தான் காரணம். நான் விழுந்த நாளிலிருந்து, மகள் கிளினிக்கில் இருக்கும்போது அவர் வீட்டில் இருக்கிற மாதிரி ஷிப்டை மாற்றி வைத்துக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குளியலறையில் கொஞ்சம் நேரமானால் வெளியே அவருடைய செருமல் கேட்கும். நான் உள்ளிருந்து தண்ணீரை ஊற்றிச் சத்தம் காட்டுவேன். செருமல் நிற்கும். அப்படிப்பட்டவர், கிழவியைத் தனியாக விட்டுப் போக மனம் வராமல் கையில் இருக்கிற வேலையை விட்டுவிடுவார் என்று எனக்குப் பயம். நான் எத்தனை நாளைக்கு? அந்த மெஷினை விட்டால் இந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் மகள் வேலைக்குக் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ம்மா, இன்னிக்கு அவரு பூப் போட்டுப் பாக்குறாரு. வெள்ளை வந்தா இங்கயே நிக்கிறாராம். செவப்பு வந்தா போறாராம்."

"அதுவும் நல்லதுதான்."

"ம்மா, நீ ஒண்ணும் பண்ணாத."

"நா என்னாடி பண்ணப் போறேன்? பூவ சமைக்கவா போறேன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பூப் போட்டுப் பார்ப்பது தெரியுமல்லவா? ஓர் இலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் வெளியே தெரியாமல் மடித்து நூல் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் போட்டுவிட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததுதான் சாமி சொன்னது. என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. சாமி அன்றைக்கு என்ன யோசனையில் இருந்தாரோ!

மருமகன் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தார். வாழையிலையைக் கிழித்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மடித்தார். முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலத்தையும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் குளித்தால் பாட்டு வரும். பாட்டு நின்றால் துண்டை எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

பாட்டு ஆரம்பித்ததும் நான் எழுந்தேன்.

என் திட்டம் சின்னது. வெள்ளை இருக்கிற பொட்டலத்தைப் பிரித்து, அதிலும் சிவப்பை வைத்துவிட்டால் போதும். எதை எடுத்தாலும் சிவப்புதான் வரும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கே வீட்டில் இரண்டு பெண்டாட்டி, குடும்பக் கஷ்டம் தெரிந்தவர்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். மல்லிகை. சரி, மாற்ற வேண்டியது இது. சிவப்பில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவதைப் பிரித்தேன்.

அதிலும் மல்லிகை.

எனக்குக் கண் சரியில்லையோ என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெள்ளைதான். இரண்டும் வெள்ளை. அந்த ஊமை மனிதர் முருகனையே ஏமாற்றி வைத்திருக்கிறார்! இத்தனை வருஷமாக இந்த வீட்டில் கள்ளி நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு வந்தது. இதோ பார், நான் நினைத்தது சரிதான், எனக்காகத்தான் நிற்கிறார். சாமி பேரைச் சொல்லி நிற்கப் பார்க்கிறார். விடக்கூடாது.

அவர் வாங்கிய சிவப்புப் பூ எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து எதிர்வீட்டு வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், என் முட்டி என்னை விட்ட அளவுக்கு. அவள் பூச்சட்டியில் செம்பருத்தி பூத்திருந்தது. ஒன்றைப் பறித்தேன். அவள் ஜன்னலில் நின்றிருந்தாள்.

"ஏய், எங்க வீட்டுப் பூ எதுக்கு ஒனக்கு?"

"ஒங்க சாமியும் கொஞ்சம் கை குடுக்கட்டும்னுதான்."

"என்னா விசயம்?"

"அப்புறம் சொல்றேன், பாட்டு நிக்கப் போவுது!"

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் உள்ளே வந்து, இதழைப் பிய்த்து இரண்டு பொட்டலத்திலும் வைத்து, நூலைச் சுற்றி, பழையபடி வைத்துவிட்டு உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்க ஆரம்பித்தேன். மல்லிகையை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மருமகன் திருநீறு பூசிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றார். கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"சின்னப் புள்ள ஸ்கூலுக்குப் போயிருச்சு. யாராச்சும் ஒண்ண எடுத்துக் குடுத்தா நல்லாருக்கும்."

"சின்னப் புள்ள மனசு உள்ளவங்க எடுத்தா பரவால்லையான்னு யாராச்சும் கேளுங்க."

"பரவால்லைன்னு சொல்லுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போய், கண்ணை மூடி, ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் நூலைப் பிரித்தார். இலையை விரித்தார்.

பிறகு இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தார். அதையும் பார்த்தார். நான் பயற்றங்காயை மறுபடி எடுத்து, நறுக்கியதையே நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அத்தே."

கத்தி நின்றது. இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துச் சொல்லிக் கேட்டதில்லை.

"நா வாங்குனது ரோஜா அத்தே. இது செம்பருத்தி."

"முருகன் மாத்தியிருப்பாரு" என்றேன். நான் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன்.

"முருகனுக்கு எதுத்த வீட்டுப் பூச்சட்டி எப்படித் தெரியும்?"

இனிமேல் என்ன மறைப்பு? நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து மல்லிகையை மேசைமேல் கொட்டினேன். "அப்ப ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை எப்படி வந்துச்சு மாப்ளே? அதயும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்தது கேட்டது. மருமகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"எனக்காவ நீங்க நிக்க வேணாம் மாப்ளே. வேலை போனா திரும்பக் கெடைக்காது. நா எம்மவன் வீட்டுக்கு டெங்கிலுக்குப் போயிடுறேன். நீங்க போங்க."

"ஒங்களுக்காவன்னா நெனச்சீங்க?"

"பின்னே?"

"ஒங்களுக்காவயுந்தான்." செம்பருத்தி இதழைக் கையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எங்கப்பா லோரி ஓட்டுனாரு அத்தே. எப்பயாச்சும்தான் வீட்டுக்கு வருவாரு. ஒருக்கா வந்தப்ப நா கதவத் தொறந்தேன். சின்னப் பையன். அவர அங்கிள்னு கூப்ட்டேன். 'அம்மா, யாரோ அங்கிள் வந்துருக்காரு'ன்னு."

நான் பயற்றங்காய்த் தட்டை ஓரமாகத் தள்ளினேன்.

"அவரு திட்டல. கையில இருந்த பிஸ்கட்ட என்கிட்ட குடுத்துட்டு உள்ள போய்க் குளிச்சாரு. ரொம்ப நேரம் குளிச்சாரு." இதழைக் கீழே போட்டார். "வடக்க போனா மெசினுக்கு என்னைத் தெரியும். அது போதும்னு எல்லாரும் சொல்றாங்க. நிக்கிறேன்னு சொன்னா பயந்தாங்கொள்ளிங்கிறாங்க. சாமி சொல்லிருச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?"

மேசைமேல் கிடந்த மல்லிகையைக் கூட்டி அள்ளி முருகன் படத்துக்குப் போட்டேன்.

"சாமி வெள்ளைன்னு சொல்லிருச்சு மாப்ளே" என்றேன். "எடுத்தவ நாந்தான். யாரு வந்து கேட்டாலும் சொல்றேன்."

மகள் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள், என்ன வந்தது என்று. "வெள்ளை" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். நசுங்கிய செம்பருத்தி. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் திருடங்க" என்றாள். கிளினிக் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். "போங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. போவாதீங்கன்னும் சொல்ல முடியல. நா என்னா பண்ணுவேன்?" என்றாள். மருமகன் அவள் தலையில் கை வைத்தார். நான் சமையல்கட்டுக்குள் போனேன். பாதி உடம்பு வெளியேதான் தெரிந்தது, ஆனால் அவர்கள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவர், வடக்கே வரவில்லை என்று பேக்டரியில் சொல்லிவிட்டார். கடைசி வாரத்தில் அவருடைய மோல்டை அவரே கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை லோரியில் ஏற்றிய அன்று வீட்டுக்கு வந்து, "ஏத்தியாச்சு" என்று மட்டும் சொன்னார். வடக்கே போன கூட்டாளி கொஞ்ச நாள் போன் பண்ணிக்கொண்டிருந்தான். "அண்ணே, இந்தப் பக்கம் போல்ட்ட எவ்வளவு முடுக்கணும்?" என்று கேட்பான். மருமகன் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கையில் போன், இன்னொரு கை காற்றில் எதையோ பிடித்து மெதுவாகத் திருப்பும். "அவ்வளவுதான். அதுக்கு மேல வேணாம், அது தாங்காது" என்பார். நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். பிறகு அந்தப் போனும் நின்றது.

வேலை உடனே கிடைக்கவில்லை. சுபாங் ஜெயா, பூச்சோங் என்று அலைந்தார். வயதைக் கேட்டார்கள், சொன்னார், அழைக்கிறோம் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கத் தெரியாத ஆள். ஒரு நாள் நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் என் சமையல்கட்டைப் பேக்டரி ஆக்கிவிட்டார். மிளகாய்த்தூள் டின்னுக்கு ஒரு மஞ்சள் டேப் கட்டம். உப்புக்கு ஒன்று. கரண்டிகள் ஆணியில், உயர வரிசைப்படி.

"எடுத்தா எடுத்த எடத்துல வைக்கணும் அத்தே."

"வைக்கலன்னா எனக்கும் வி.எஸ்.எஸ். குடுத்துருவீங்களா மாப்ளே?"

சிரித்தார். ஆனால் அந்த வாரம் அவர் சோறு குறைவாகத்தான் சாப்பிட்டார். நான் வெள்ளை என்று சாட்சி சொன்னவள். சாப்பிடாத தட்டைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு செம்பருத்தியை அப்படியே விட்டிருக்கலாமோ என்று தோன்றும். அப்போது உள்ளறையில் பேத்தி வாய்ப்பாடு தப்பாகச் சொல்வதும், அவர் திருத்துவதும், அவள் மறுபடி தப்பாகச் சொல்வதும் கேட்கும். தோன்றியது போய்விடும். மறுநாள் திரும்ப வரும்.

மேரு பக்கம் ஒரு சீனர் பட்டறை இருக்கிறது. வாளி, முக்காலி, கூடை எல்லாம் பிளாஸ்டிக்கில் அடிக்கிறார்கள். பழைய மெஷின் ஒன்று அடிக்கடி நின்றுவிடுகிறதாம், ஆள் வேண்டுமாம். எதிர்வீட்டுப் பையன்தான் வேன் ஓட்டிக்கொண்டு போன இடத்தில் கேட்டுவந்து சொன்னான். காலையில் போனார். மத்தியானம் வரவில்லை. சாயங்காலமும் ஆகிவிட்டது. மகள் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தாள்.

வந்தவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேராகக் கழுவும் தொட்டிக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைத் திறந்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெய். நகத்துக்குள் எல்லாம் மசி. என் வெள்ளைச் சோப்பு ஒரு நொடியில் கரிக்கட்டையாகிவிட்டது. துடைத்துத் துடைத்து வைத்திருந்த தொட்டி முழுக்கக் கறுப்பு நுரை.

"நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க அத்தே" என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டே. "சம்பளம் கம்மிதான்."

"இன்னும் நல்லா தேய்ங்க" என்றேன். புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்து அவர் கையில் வைத்தேன்.